போன் அவளுடையது, பாஸ்வேர்டு யாருடையது?

"உங்கள் வீட்டுப் பெண்களிடம் போன் இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இருக்கிறதே" என்றுதான் பதில் வரும். கேள்வியை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். சிம் கார்டு யார் பெயரில் இருக்கிறது? ரீசார்ஜ் செய்வது யார்? திரைப் பூட்டின் எண் அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? ஜிமெயில் கணக்கை ஆரம்பித்துக் கொடுத்தது யார்? பாஸ்வேர்டு மறந்துபோனால் கணக்கை மீட்கும் குறியீடு யாருடைய எண்ணுக்குப் போகும்? ராத்திரி பத்து மணிக்கு அவள் ஒரு தோழியை அழைத்தால், காலையில் யாராவது "யாரோடு பேசினாய்?" என்று கேட்பார்களா?

பெண்களுக்குத் தொழில்நுட்பம் கிடைக்கிறதா என்ற பேச்சில் இத்தனை கேள்விகளும் அடங்கியிருக்கின்றன. போன் கையில் வந்துவிட்டது என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுவதில்லை. அவள் பாதுகாப்பாக இருக்கிறாளா என்பதற்கான விடையும் பெரும்பாலும் இந்தச் சின்னக் கேள்விகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

ஐ.நா.வின் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, உலக ஆண்களில் 70 சதவீதம் பேர் இணையம் பயன்படுத்துகிறார்கள். பெண்களில் 65 சதவீதம். ஐந்து புள்ளிதானே என்று தோன்றும். ஆள் கணக்கில் பார்த்தால், இணையத்தில் இருக்கும் ஆண்கள் பெண்களைவிட 18.9 கோடி பேர் அதிகம். மிகவும் பின்தங்கிய நாடுகளை மட்டும் எடுத்தால் இடைவெளி இன்னும் விரிகிறது: ஆண்களில் 41, பெண்களில் 29. இந்தக் கணக்கு எடுக்கப்படும் விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடந்த மூன்று மாதத்தில் எந்தக் கருவி வழியாகவாவது இணையத்துக்குள் வந்திருந்தால் அவர் பயனர். கணவரின் போனில், மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒருமுறை வீடியோ அழைப்பில் பேசிய பெண்ணும் அந்த 65க்குள் வந்துவிடுகிறார். ஆகவே உண்மையான இடைவெளி எண் சொல்வதைவிட ஆழமானது என்றே நான் நினைக்கிறேன்.

இரவல் போன் ஒரு நிலை. வீட்டுக்கே பொதுவான போன் இன்னொரு நிலை. சொந்த போன், ஆனால் கேட்டபோதெல்லாம் திறந்து காட்ட வேண்டும் என்பது மூன்றாவது. சொந்த போன், சொந்தப் பூட்டு, சொந்தக் கணக்கு என்பது நான்காவது. "எங்கள் வீட்டுப் பெண்களுக்கு முழுச் சுதந்திரம்" என்று சொல்லும் பல வீடுகளில் பெண்கள் மூன்றாவது நிலையில்தான் இருக்கிறார்கள்.

இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் பெண்களிடம் ஆய்வாளர்கள் பேசி 2018இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த மூன்றாவது நிலையில் வாழ்வது எப்படி என்பதைக் காட்டியது. போனைப் பிறர் எடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால் பெண்கள் தங்களுக்கென்று உத்திகள் வைத்திருந்தார்கள். சிலர் குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் பூட்டுப் போட்டார்கள். சிலர் எல்லாவற்றையும் மொத்தமாக அழித்தார்கள். இன்னும் சிலர் ஒரே ஒரு செய்தியை, ஒரே ஒரு தேடலை மட்டும் அழித்துவிட்டு மீதியை அப்படியே விட்டார்கள். காரணம் எளிது: காலியாக இருக்கும் போன் சந்தேகத்தைக் கிளப்பும். என்ன அழிப்பது என்பதைவிட எதை விட்டுவைப்பது என்று யோசிக்கப் பழகியிருந்தார்கள் அந்தப் பெண்கள். இதற்கு எவ்வளவு கவனம் செலவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

போன் பாதுகாப்புக்கு என்ன செய்கிறது?

பெண்கள் பாதுகாப்பும் தொழில்நுட்பமும் என்றவுடன் அவசரப் பொத்தான்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இருட்டுச் சாலை, பின்னால் வரும் ஆள், ஒரு பொத்தானை அழுத்தினால் உதவி. அது தேவைதான், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போன் ஒரு பெண்ணுக்குத் தரும் பாதுகாப்பில் பெரும்பகுதி இவ்வளவு பரபரப்பானதல்ல. அது மெதுவாக, மாதக்கணக்கில் சேர்வது.

தன் பெயரில் வந்து விழும் சம்பளம், யாரிடமும் கேட்காமல் பார்க்கக்கூடிய வங்கி இருப்பு, திருமணத்துக்குப் பிறகு விட்டுப்போன தோழியோடு மறுபடி தொடங்கிய பேச்சு, "இப்படி அடிப்பது குற்றம்தானா?" என்று ராத்திரியில் சத்தமில்லாமல் தேடிக் கிடைத்த விடை. இவற்றில் எதுவும் பாதுகாப்புச் செயலி என்ற பட்டியலில் வராது. வன்முறை நடக்கும் வீட்டிலிருந்து ஒருத்தி வெளியேற முடிகிறதா இல்லையா என்பதை முடிவு செய்வதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

கென்யாவில் 2007இல் எம்-பெசா என்ற செல்பேசிப் பணச் சேவை தொடங்கியது. சாதாரண போனில், குறுஞ்செய்தி அனுப்புவதுபோலப் பணம் அனுப்பலாம், சேமிக்கலாம். அதன் விளைவுகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த இரண்டு பொருளியலாளர்கள் 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுமார் 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து மீண்டிருந்தன. சுமார் 1,85,000 பெண்கள் விவசாயத்தை முதன்மைத் தொழிலாகக் கொண்ட நிலையிலிருந்து வியாபாரத்துக்கு மாறியிருந்தார்கள். அந்தச் சேவையை யாரும் பெண்கள் பாதுகாப்புத் திட்டம் என்று அறிவிக்கவில்லை. ஆனால் பணம் அவள் கணக்கில், அவளுடைய ரகசிய 'பின்' எண்ணுக்குப் பின்னால் இருந்தால், வீட்டில் அவள் பேச்சுக்கு எடை கூடும். மடியில் முடிந்துவைத்த காசை எவரும் பிடுங்கிக்கொள்ளலாம். பின் எண் தெரியாமல் கணக்கில் இருக்கும் காசை எடுப்பது கடினம்.

பூட்டைத் தெரிந்தவர்

இனி மறுபக்கம். பூட்டு, பாஸ்வேர்டு, ஓடிபி என்று நாம் பயன்படுத்தும் இணையப் பாதுகாப்பு முறைகளில் பெரும்பாலானவை ஒரு எதிரியை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அந்த எதிரி முகம் தெரியாதவன், எங்கோ தூரத்தில் உட்கார்ந்து உங்கள் பாஸ்வேர்டை ஊகிக்கப் பார்ப்பவன். அவனுக்கு உங்கள் அம்மாவின் பெயர் தெரியாது, முதலில் படித்த பள்ளி தெரியாது, உங்கள் போனைத் தொடவே முடியாது.

பெண்களில் பலருக்கு ஆபத்து வரும் திசை வேறு. 2023இல் உலகம் முழுவதும் சுமார் 85,000 பெண்களும் சிறுமிகளும் வேண்டுமென்றே கொல்லப்பட்டார்கள் என்றும், அவர்களில் சுமார் 60 சதவீதம் பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்தினரோ என்றும் ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டிருக்கின்றன. அப்படித் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டவர்கள் மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 140 பேர். எதிரி அதே வீட்டில் சாப்பிடுகிறவர் என்றால், தூரத்து எதிரிக்காகச் செய்த பூட்டு என்ன செய்யும்? "உங்கள் செல்ல நாயின் பெயர் என்ன?" என்ற பாதுகாப்புக் கேள்விக்கு அவருக்கு விடை தெரியும். ஓடிபி வந்து விழும் போன் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. விரல் ரேகைப் பூட்டுக்குத் தூங்கிக்கொண்டிருக்கும் கை போதும்.

கிட்டப்போய் ஒன்றைப் பார்ப்போம். ஒரு பெண் குளிக்கப் போயிருக்கிறாள். போன் மேசையில். பூட்டின் எண் தெரிந்தவர் அதைத் திறக்கிறார், வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்துக்குப் போகிறார், தன் கணினித் திரையில் தெரியும் கட்டக் குறியீட்டை (க்யூஆர் கோடு) அவளுடைய போன் கேமராவால் ஸ்கேன் செய்கிறார். போனை இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் தலை துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது, அவளுடைய உரையாடல்கள் இன்னொரு திரையிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவள் அக்காவிடம் அழுதது, வக்கீலிடம் கேட்டது, எல்லாம். இதில் ஹேக்கிங் எதுவும் நடக்கவில்லை. செயலி தனக்குத் தரப்பட்ட வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். இதைப் படிக்கும்போதே உங்கள் போனில் அந்த இடத்தைத் திறந்து பாருங்கள். எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது, கடைசியாக எப்போது இயங்கியது என்று வரிசையாகத் தெரியும். அடையாளம் தெரியாததைத் தட்டினால் வெளியேற்றலாம். ஆனால் தட்டுவதற்கு முன், இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியையும் படித்துவிடுங்கள்.

இப்படி நல்ல வேலைக்கென்று செய்யப்பட்டு வேவுக்குப் பயன்படும் வசதிகள் நிறைய. குடும்பத்தினர் பத்திரமாக வந்து சேர்ந்தார்களா என்று பார்க்கும் லொகேஷன் பகிர்வு, இரண்டு போன்களிலும் ஒரே கணக்கு வைத்திருப்பதால் தானாகவே பகிரப்படும் படங்கள், பிள்ளைகளைக் கண்காணிக்கும் செயலி, வாசலில் மாட்டிய கேமரா. உளவு பார்ப்பதற்கென்றே விற்கப்படும் செயலிகளும் உண்டு. ஆங்கிலத்தில் ஸ்டாக்கர்வேர் என்பார்கள். போனை ஒருமுறை கையில் எடுத்து நிறுவிவிட்டால், அழைப்பு, செய்தி, இருப்பிடம் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் வேறொருவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். இதை எதிர்ப்பதற்காகவே 2019 நவம்பரில் வைரஸ் தடுப்பு நிறுவனங்களும் பெண்கள் அமைப்புகளும் சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்தன. 2021இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் ஸ்பைபோன் என்ற நிறுவனத்துக்கு இந்தத் தொழிலையே செய்யக் கூடாது என்று தடை விதித்தது.

ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டேக் இன்னொரு பாடம். சாவிக்கொத்து தொலைந்தால் கண்டுபிடிக்க 2021 ஏப்ரலில் வந்த சின்ன வட்டக் கருவி அது. சிலர் அதைப் பெண்களின் கைப்பையிலும் காரிலும் ஒளித்துவைத்தார்கள். தெரியாத டேக் ஒன்று கூடவே வருகிறது என்ற எச்சரிக்கை ஐபோன் வைத்திருந்தவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே வந்தது. ஆண்ட்ராய்டு வைத்திருந்தவர்களுக்கு ஆரம்பத்தில் தானாக வரவில்லை. ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து இரு வகை போன்களுக்கும் பொதுவான எச்சரிக்கை முறையைக் கொண்டுவந்தது 2024 மேயில். இடையில் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்படி ஒரு கருவியை வடிவமைக்கும் மேசையில், பின்தொடரப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரு பெண்ணாவது உட்கார்ந்து, அவள் சொன்னதைக் கேட்டிருந்தால், இதை முதல் நாளே யோசித்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. தொழில்நுட்பம் பெண்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதில், அதைச் செய்யும் இடத்தில் அவர்கள் இருப்பதும் சேர்த்தி.

இன்னொரு சம்பவம் என்னை வெகுநாள் உறுத்தியது. ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி 2020இல் தன் பரிவர்த்தனைகளை ஆராய்ந்தபோது, மூன்று மாதத்தில் 8,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு மிகச் சிறிய தொகைகள் திரும்பத் திரும்பப் போடப்பட்டிருந்தன. பல முறை ஒரு டாலர்கூட இல்லை. பணம் நோக்கமே இல்லை. தொகையோடு சேர்த்து ஒரு வரி எழுதும் கட்டம் இருக்குமே, அதில் வசையும் மிரட்டலும் இருந்தன. போனிலும் செய்திச் செயலியிலும் தடுக்கப்பட்டவர்கள் வங்கிக் கணக்கு வழியாக உள்ளே வந்திருந்தார்கள். அதன் பிறகு அந்த வங்கி அப்படிப்பட்ட சொற்களைத் தடுக்கும் வடிகட்டியைக் கொண்டுவந்தது. எழுத ஒரு கட்டம் இருக்கும் எந்த இடத்தையும் மிரட்டலுக்குப் பயன்படுத்துவார்கள் என்பதை வடிவமைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

படம், அவமானம், மௌனம்

முகம் தெரியாதவர்களால் வரும் தொல்லையும் குறைவில்லை. வசை, ஆபாசச் செய்தி, அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்ற மிரட்டல். இப்போது படம் எடுத்திருக்கவே தேவையில்லை. சாதாரண முகப் படம் ஒன்று போதும், மீதியைச் செயற்கை நுண்ணறிவு செய்துவிடும். டீப்டிரேஸ் என்ற நிறுவனம் 2019இல் இணையத்தில் இருந்த டீப்ஃபேக் வீடியோக்களை, அதாவது செயற்கை நுண்ணறிவால் முகம் மாற்றிச் செய்த போலி வீடியோக்களை, எண்ணிப் பார்த்தபோது, அவற்றில் 96 சதவீதம் சம்மதமின்றிச் செய்யப்பட்ட ஆபாச வீடியோக்கள். அவற்றில் இருந்தவர்கள் பெண்கள்.

இதற்கு உதவ ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவச இணையதளம் 2021 டிசம்பரில் தொடங்கியது. மிரட்டலுக்கு உள்ளான படத்தை அதில் தேர்ந்தெடுத்தால், படத்திலிருந்து ஓர் எண்குறி உருவாகும். கைரேகை போல, அந்தப் படத்துக்கென்றே ஆன குறி. அது உங்கள் கருவியிலேயே உருவாகிறது. படம் எங்கும் போவதில்லை, அந்தக் குறி மட்டும்தான் போகிறது. இத்திட்டத்தில் சேர்ந்துள்ள சமூக ஊடக நிறுவனங்கள் அந்தக் குறியோடு பொருந்தும் படம் தங்கள் தளத்தில் ஏறுகிறதா என்று பார்த்துத் தடுக்கும். படம் வெளியாவதற்கு முன்பே இதைச் செய்யலாம் என்பதுதான் முக்கியம். இது 18 வயது நிறைந்தவர்களுக்கு. அதற்குக் குறைந்த வயதில் எடுக்கப்பட்ட படங்களுக்கு டேக் இட் டவுன் என்ற தனிச் சேவையை அமெரிக்காவின் காணாமற்போன, சுரண்டலுக்குள்ளான குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துகிறது. அதே பெயரில் 2025 மேயில் அமெரிக்காவில் சட்டமும் வந்தது: பாதிக்கப்பட்டவர் முறையாகப் புகார் தந்தால் 48 மணி நேரத்துக்குள் தளங்கள் அந்தப் படத்தை நீக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவால் செய்த படங்களும் இதில் அடக்கம்.

ஆனால் வழிகள் எத்தனை இருந்தாலும், அவள் வாய் திறந்து சொன்னால்தானே? மிரட்டுபவரின் பலம் படத்தில் இல்லை. "வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும்" என்ற அவளது பயத்தில் இருக்கிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஒரு பெண் போய், "ஒருவன் தொல்லை தருகிறான்" என்று சொன்னால், நிறைய வீடுகளில் முதலில் நடப்பது என்ன? அவள் போன் பறிக்கப்படும். படத்தை ஏன் போட்டாய், அவனோடு ஏன் பேசினாய் என்று விசாரணை அவள் பக்கம் திரும்பும். தப்பு செய்தவன் கையில் போன் இருக்கும். புகார் சொன்னவள் கையில் இருக்காது.

அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். போன் போனதும் அவளிடமிருந்த ஆதாரம் போகிறது, தோழிகள் போகிறார்கள், உதவி எண் போகிறது, படிப்போ வேலையோ அதில் இருந்தால் அதுவும் போகிறது. படம் வைத்திருப்பவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவள் தங்கை, தனக்கு நாளைக்கு இதே நடந்தால் யாரிடமும் சொல்லக் கூடாது என்று கற்றுக்கொள்கிறாள். போன் கொடுத்ததால் ஆபத்து வந்தது என்று பேசுகிறோம். பறித்ததால் எத்தனை ஆபத்து சொல்லப்படாமலே வளர்ந்தது என்பதை எந்தக் கணக்கும் எடுப்பதில்லை.

வேவு பார்க்கப்படுகிறோம் என்று தோன்றினால்

இங்கேதான் நல்லெண்ணத்தோடு தரப்படும் அறிவுரைகள் பலவும் தவறாகிவிடுகின்றன. "எல்லா பாஸ்வேர்டையும் உடனே மாற்று, அந்தச் செயலியை அழி" என்று சொல்லிவிடுவோம். முகம் தெரியாத திருடன் என்றால் அது சரி. ஆனால் வன்முறையாளர் வீட்டுக்குள் இருந்தால், வேவு திடீரென்று நின்றுபோவதே அவருக்கு ஒரு செய்தி: இவளுக்குத் தெரிந்துவிட்டது, இவள் ஏதோ திட்டமிடுகிறாள். பிடி நழுவுகிறது என்று உணரும் நேரம்தான் வன்முறை கூடும் நேரம். அதனால் இந்தத் துறையில் பெண்களோடு வேலை செய்பவர்கள் முதலில் திட்டம், பிறகு பூட்டு என்பார்கள்.

அவர்கள் சொல்லும் வரிசை ஏறக்குறைய இப்படி. சந்தேகப்படும் போனில் உதவியைத் தேடாதீர்கள். நம்பகமான தோழியின் போனிலோ, வேலையிடத்துக் கணினியிலோ தேடுங்கள். பழைய போனை வழக்கம்போலவே பயன்படுத்துங்கள், அதில் சமையல் குறிப்பும் வானிலையும் மட்டும் ஓடட்டும். பாதுகாப்பான கருவியிலிருந்து புதிய மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்குங்கள். அதன் மீட்பு எண்ணாக வீட்டில் யாருக்கும் எட்டாத எண் இருக்கட்டும். மிரட்டல் செய்திகளை, தேதியும் நேரமும் தெரியும்படி, வேறொரு போன் கேமராவால் படம் எடுத்து அந்த மின்னஞ்சலில் சேருங்கள். வேவு செயலியையும் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலையும் அழிக்கும் முன் இப்படியே பதிவு செய்துவிட வேண்டும், அது வழக்கில் ஆதாரம். உங்கள் பகுதியின் பெண்கள் உதவி எண்ணிலோ அமைப்பிலோ பேசி, எங்கே தங்குவது, பிள்ளைகளை எப்படி அழைத்துப்போவது என்று முடிவான பிறகுதான் பாஸ்வேர்டு மாற்றம், கருவிகளை வெளியேற்றுதல், லொகேஷன் பகிர்வை நிறுத்துதல் எல்லாம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2022 முதல் அமைப்புகளில் பாதுகாப்புச் சோதனை என்ற பகுதி இருக்கிறது. யார் யாரோடு என்னென்ன பகிரப்படுகிறது என்பதை ஒரே இடத்தில் காட்டி, ஒரே நேரத்தில் துண்டிக்கவும் விடும். பிள்ளைகளின் டேப்லெட்டையும் மறக்கக் கூடாது. அம்மா போனைச் சுத்தம் செய்துவிட்டு, புது வீட்டின் முகவரியைப் பிள்ளையின் விளையாட்டுக் கருவி காட்டிக்கொடுத்துவிடக் கூடும்.

வன்முறை எதுவும் இல்லாத வீட்டில் இவ்வளவு தேவையில்லை. அங்கே ஒரு மாலை நேரம் போதும். அம்மாவின் சிம் கார்டு அம்மாவின் பெயரில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மாற்றுங்கள். வங்கிச் செயலியின் பின் எண்ணை அவரே தட்டட்டும், நீங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். கணக்கின் மீட்பு எண்ணாக உங்கள் எண் இருந்தால், அதை எடுத்துவிட்டு அவர் விரும்பும் எண்ணைப் போடுங்கள். மகள் வந்து, "ஒருத்தன் என் படத்தை வைத்து மிரட்டுகிறான்" என்று சொன்னால், போனை அவள் கையிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "நீ சொன்னது நல்லது. முதலில் அவன் அனுப்பியதை எல்லாம் படம் எடுத்து வைப்போம்" என்று தொடங்குங்கள்.